ஆசியாவின் உயரமான தலைநகரம் திம்புவா, சனாவா?

கல்லூரி வினாடி வினாவில் "ஆசியாவிலேயே மிக உயரத்தில் இருக்கும் தலைநகரம் எது" என்று கேட்டதற்கு நீங்கள் ஏமனின் சனா என்று சொல்லியிருக்கிறீர்கள். நடத்தியவர் பூட்டானின் திம்பு என்று சொல்லி மதிப்பெண் தர மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தேடினால் ஓரிடத்தில் திம்பு, இன்னோரிடத்தில் சனா, பழைய பொது அறிவுப் புத்தகத்தில் காபூல். கூடவே தாழ்ந்தது, குளிரானது, வெப்பமானது, மக்கள் அதிகம் உள்ளது, பழமையானது, உயரமான கட்டடம் உள்ளது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். விடைப் பட்டியல் வேண்டுமென்றால் எங்கும் கிடைக்கும். ஒரே கேள்விக்கு ஏன் மூன்று விடை வருகிறது, எதைத் துணிந்து எழுதலாம் என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருக்கிறேன். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் பல வருடமாக வகுப்பெடுக்கிறேன். இந்தச் சண்டை ஒவ்வொரு ஆண்டும் என் வகுப்பில் வரும்.

முதலில் எல்லையைப் போட்டுக்கொள்வோம். ஆசியா எங்கே முடிகிறது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து கிடையாது. துருக்கி, ஜார்ஜியா, ஆர்மீனியா, அசர்பைஜான், சைப்ரஸ் ஆகிய ஐந்தையும் சிலர் ஐரோப்பாவோடு சேர்ப்பார்கள். கால்பந்தில் இந்த ஐந்துமே ஐரோப்பியக் கூட்டமைப்பில்தான் ஆடுகின்றன. ஐ.நா. புள்ளியியல் பிரிவு இவற்றை மேற்கு ஆசியாவில் வைக்கிறது. ரஷ்யாவைக் கிழக்கு ஐரோப்பாவில் வைக்கிறது. நான் வகுப்பில் இந்த ஐ.நா. வகைப்பாட்டையே பின்பற்றுகிறேன். அது ஒன்றுதான் சரி என்பதல்ல காரணம். யார் கேட்டாலும் இந்தப் பட்டியலைப் பார்த்தே சொன்னேன் என்று காட்ட முடியும், அவ்வளவுதான். கீழே எழுதுவதெல்லாம் அந்த எல்லைக்குள்தான்.

உயரத்துக்கு வருகிறேன். திம்புவுக்குப் பெரும்பாலான நூல்கள் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,320 மீட்டர். சனாவுக்குச் சிலர் 2,250 என்கிறார்கள், சிலர் 2,300 என்கிறார்கள். அதாவது இரண்டுக்கும் வித்தியாசம் 20 முதல் 70 மீட்டர் வரைதான். இப்போது திம்புவை நேரில் பார்ப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். வாங் சூ ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடும் குறுகலான பள்ளத்தாக்கு. ஆற்றங்கரையில் சந்தையும் விளையாட்டு மைதானமும். அதற்கு மேலே நோர்சின் லாம் என்ற பெரிய கடைத்தெரு. அந்தத் தெருவின் நாற்சந்தியில் சித்திர வேலைப்பாடு செய்த சின்ன மண்டபம் ஒன்றில் வெள்ளைக் கையுறை போட்ட போக்குவரத்துக் காவலர் நின்று கையாலேயே வண்டிகளை அனுப்புவார். சிக்னல் விளக்கு இல்லாத தலைநகரம் என்று இந்த ஊர் பேர் வாங்கியது அந்தச் சந்தியால்தான். அதற்கும் மேலே சரிவில் வீடுகள் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். ஊரின் அடிப்பகுதி சுமார் 2,250 மீட்டரில் இருக்கிறது என்றால் மேல் விளிம்பு 2,600ஐத் தாண்டிவிடுகிறது. ஓர் ஊருக்குள்ளேயே 350 மீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கும்போது, இன்னோர் ஊரோடு 50 மீட்டர் வித்தியாசத்தை வைத்துப் பட்டம் கொடுப்பது கொஞ்சம் துணிச்சலான காரியம்தான்.

சனாவின் நில அமைப்பு வேறு. மலைகள் சூழ்ந்த உயரமான சமவெளி அது. கிழக்கே நுக்கும் மலை ஊரை ஒட்டி நிற்கிறது. தென்மேற்கே கொஞ்சத் தொலைவில் அரேபியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான ஜபல் அன்-நபி ஷுஐப், சுமார் 3,660 மீட்டர். சமவெளி என்பதால் ஊரின் பெரும்பகுதி 2,200க்கும் 2,300க்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. ஆகவே நகர மையத்தை நகர மையத்தோடு ஒப்பிட்டால் திம்புதான் மேலே. மேல் விளிம்பை மேல் விளிம்போடு ஒப்பிட்டாலும் திம்புதான். உங்கள் வினாடி வினாவில் சொன்ன தீர்ப்பு சரி. ஆனால் இவ்வளவு நெருக்கமான இரண்டு ஊர்களை வைத்துக்கொண்டு, எதை வைத்து அளந்தோம் என்று சொல்லாமல் கேள்வி கேட்பது நல்ல கேள்வித்தாள் முறை இல்லை. ஏமனில் 2014க்குப் பிறகு சனா ஹூதி கிளர்ச்சியாளர்களின் கையில் இருப்பதும், உலக நாடுகள் ஏற்ற அரசு ஏடனைத் தற்காலிகத் தலைநகராக வைத்திருப்பதும் தனிச் சிக்கல். அந்நாட்டு அரசியலமைப்புப்படி சனாவே தலைநகரம் என்பதால் போட்டியிலிருந்து அதை எடுத்துவிட முடியாது.

காபூல் எப்படி விடையாக வந்தது என்று எனக்குப் புரிகிறது. அது சுமார் 1,790 மீட்டரில் இருக்கிறது. ஆசியத் தலைநகரங்களில் மூன்றாம் இடம். திம்பு 1960களின் தொடக்கத்தில்தான் பூட்டானின் நிரந்தரத் தலைநகரமானது. அதற்கு முன் புனாகா, அது தாழ்வான பள்ளத்தாக்கு. அந்தக் காலத்தில் தொகுத்த பட்டியல்களில் திம்பு இருந்திருக்க வழியில்லை, சனாவை எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. பழைய வரி புதுப் பதிப்பிலும் அப்படியே அச்சாகிக்கொண்டே வரும்; பொது அறிவுப் புத்தகங்களுக்கு இது தீராத வியாதி. காத்மாண்டுவை விடையாக எழுதுகிறவர்கள் இன்னும் அதிகம். எவரெஸ்ட் இருக்கும் நாடு, அதனால் தலைநகரமும் உயரத்தில் இருக்கும் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. காத்மாண்டு பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரியாக இருந்து வற்றிய தரை, சுமார் 1,400 மீட்டர் மட்டுமே. நம் ஏற்காடு அதைவிட உயரம்! திபெத்தின் லாசா 3,650 மீட்டரில் இருக்கிறது, ஆனால் அது இன்று ஒரு நாட்டின் தலைநகரம் அல்ல.

தாழ்ந்த தலைநகரத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அசர்பைஜானின் பாகு, கடல் மட்டத்துக்குக் கீழே 28 மீட்டர். ஆசியாவில் மட்டுமல்ல, உலகத்திலேயே தாழ்ந்த தேசியத் தலைநகரம் அதுதான். காரணம் தெரிந்துகொண்டால் மறக்காது. காஸ்பியனுக்குப் பேர்தான் கடல். பெருங்கடலோடு தொடர்பே இல்லாத ஏரி. வோல்கா கொண்டுவந்து கொட்டும் தண்ணீருக்கும் வெயிலில் ஆவியாகும் தண்ணீருக்கும் நடக்கும் வரவு செலவுதான் அதன் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. 1977ல் அது கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 29 மீட்டருக்கு இறங்கியது; 1995 வாக்கில் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறியது; அதன்பிறகு மறுபடி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே 28 என்ற எண்ணை ஒரு தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். கரையோரக் கடைவீதிக்கும் பழைய கோட்டைப் பகுதிக்குமே அது பொருந்தும். பாகுவின் மேட்டுப் பகுதிகள் சாதாரணக் கடல் மட்டத்துக்கு மேலே வந்துவிடுகின்றன. அசர்பைஜானை ஐரோப்பா என்று வைத்துவிட்டால்தான் திண்டாட்டம். அப்போது மாலே, பாங்காக், ஜகார்த்தா, மனாமா என்று கடலோரத்தில் ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்களெல்லாம் போட்டிக்கு வந்துவிடும். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஜகார்த்தாவின் வடபகுதி ஏற்கெனவே கடல் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்துவிட்டது.

குளிரில் மங்கோலியாவின் உலான்பாட்டர். இதையும் அடித்துச் சொல்லலாம், உலக அளவில் சொன்னாலும் நிற்கும். ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. எந்த முப்பது வருடத்தை எடுத்துச் சராசரி போட்டார்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வரும். சனவரிச் சராசரி மைனஸ் 20க்கும் கீழே. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கஜகஸ்தானின் அஸ்தானா, உலான்பாட்டரைவிட மூன்று பாகைக்கு மேல் வடக்கே இருக்கிறது. பாரிஸ்கூட உலான்பாட்டரைவிடச் சற்று வடக்கேதான். பிறகு ஏன் உலான்பாட்டர் முந்துகிறது? உயரம் ஒரு காரணம்: அஸ்தானா சுமார் 350 மீட்டர், உலான்பாட்டர் 1,350. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்போமே, அது இங்கே அப்படியே வேலை செய்கிறது. இரண்டாவது, எந்தக் கடலிலிருந்தும் வெகு தூரம். பாரிஸுக்கு அட்லாண்டிக் தரும் வெதுவெதுப்பு இங்கே வந்து சேராது. மூன்றாவது, குளிர்காலம் முழுக்க சைபீரிய உயர் அழுத்தம் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும்: மேகமில்லாத வானம், காற்றசைவு இல்லை, தரையின் சூடு இரவில் தடையில்லாமல் வெளியேறிவிடும். நான்காவது, தூல் ஆற்றின் பள்ளத்தாக்கு. கனமான குளிர்க்காற்று சரிவுகளிலிருந்து வழிந்து கீழே தேங்கும். மேலே ஒப்பீட்டளவில் சூடான காற்று மூடிபோல நிற்கும். ஊரின் புறப்பகுதிகளில் கெர் என்ற வட்டக் கூடாரங்களில் வாழும் குடும்பங்கள் அடுப்பில் எரிக்கும் நிலக்கரிப் புகையும் அதே மூடிக்குள் சிக்கிக்கொள்ளும். 2019ல் பதப்படுத்தாத நிலக்கரியை நகரத்தில் தடை செய்தது அதனால்தான். உலகின் குளிரான தலைநகரம் என்பது ஒரு வரி விடை. அந்த ஊரில் மூச்சுவிடும் குழந்தைகளுக்கு அதே நில அமைப்புதான் நோயாகவும் வருகிறது. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் வகுப்பில் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். க்ரீன்லாந்தின் நூக் என்று யாராவது மறுத்தால், அது டென்மார்க் அரசுக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதி, தனி நாடு இல்லை என்று சொல்லுங்கள்.

வெப்பத்துக்கு இப்படி ஒற்றை விடை கிடையாது. கோடைப் பகலைக் கேட்டால் பாக்தாத், குவைத் நகரம், ரியாத் பக்கம் போக வேண்டும். பாக்தாதில் 2020 ஜூலை 28ல் 51.8 டிகிரி பதிவானது. அந்த ஊர்களுக்குக் குளிர்காலம் உண்டு என்பதால் ஆண்டுச் சராசரி இறங்கிவிடும். ஆண்டு முழுக்க ஒரேயடியாகக் காயும் பாங்காக் அங்கே முன்னால் வந்துவிடும். குவைத்தின் 53.9 டிகிரியைத் தலைநகரத்தின் பேரில் எழுதாதீர்கள்; அது 2016ல் மித்ரிபா என்ற பாலைவன நிலையத்தில் பதிவானது.

திசைகள் சுலபம், மனப்பாடமே போதும். வடகோடி அஸ்தானா, தென்கோடி கிழக்குத் தீமோரின் டிலி, கீழ்க்கோடி டோக்கியோ, மேல்கோடி அங்காரா. சைப்ரஸின் நிகோசியாவைச் சேர்த்தாலும் அங்காரா அரைப் பாகை மேற்கே இருக்கிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஆசியத் தலைநகரங்கள் ஜகார்த்தா, டிலி இரண்டுதான். ரேகைக்கு மிக அருகில் இருப்பது சிங்கப்பூர், சுமார் 137 கிலோமீட்டர் வடக்கே. அஸ்தானாவுக்கு இன்னொரு கூடுதல் தகவல்: அக்மோலின்ஸ்க், செலினோகிராட், அக்மோலா, அஸ்தானா, 2019ல் நூர்-சுல்தான், 2022ல் திரும்பவும் அஸ்தானா என்று பேர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய புத்தகத்தை வைத்திருப்பவர்கள் கவனிக்க.

மக்கள்தொகையில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். "உலகிலேயே மக்கள் அதிகமுள்ள நகரம் டோக்கியோ, சுமார் 3.7 கோடி" என்று நாமெல்லாம் படித்தோம். 2025 இறுதியில் ஐ.நா. வெளியிட்ட நகரமயமாக்க மதிப்பீட்டில் ஜகார்த்தா சுமார் 4.2 கோடியோடு முதலிடம், டாக்கா ஏறத்தாழ 3.7 கோடியோடு இரண்டாமிடம், டோக்கியோ 3.3 கோடியோடு மூன்றாமிடம். முந்தைய பட்டியலில் ஜகார்த்தா ஒரு கோடியை ஒட்டி எங்கோ கீழே இருந்தது. சில ஆண்டுகளில் மூன்று கோடிப் பேர் குடிவந்துவிடவில்லை. முன்பு ஒவ்வொரு நாடும் தன் நகரம் என்று எந்த எல்லையைச் சொன்னதோ, அதை ஐ.நா. ஏற்றுக்கொண்டது. இப்போது நிலப்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நெருக்கமாக மக்கள் வாழும் கட்டங்கள் தொடர்ந்து ஒட்டியிருந்தால் எல்லாம் ஒரே நகரம் என்று எண்ணுகிறார்கள். ஜகார்த்தாவோடு ஒட்டிக்கிடக்கும் போகோர், தெபோக், தங்கெராங், பெகாசி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. டோக்கியோவின் அகன்ற எல்லை சுருங்கிவிட்டது. எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் என்பதால் புது முறைதான் நியாயம் என்பது என் எண்ணம். ஆனால் பாடநூல்களும் வினாத்தாள்களும் மாற வருடங்கள் ஆகும்.

நிர்வாக எல்லையை எடுத்தாலோ கதையே வேறு. பெய்ஜிங் மாநகராட்சி சுமார் 16,400 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட நாகாலாந்து மாநிலம் அளவு. அதற்குள் மலை, அணை, வயல் எல்லாம் உண்டு. 2020 கணக்கெடுப்பில் 2.19 கோடிப் பேர். நம் பக்கம் வந்தால், இந்தியாவின் தலைநகரம் புது தில்லி என்று எழுதுகிறோம். புது தில்லி மாநகராட்சிக் குழுவின் பரப்பு சுமார் 43 சதுர கிலோமீட்டர்தான், 2011ல் அங்கே இருந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர். தில்லி தேசியத் தலைநகரப் பகுதி முழுக்கச் சேர்த்தால் அதே ஆண்டில் 1.68 கோடி. டோக்கியோவில் இதைவிட வியப்பு: நிர்வாகக் கணக்கில் பசிபிக்கில் 1,800 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மினாமித்தோரி தீவுகூட டோக்கியோதான். அங்கே போய் நின்றால் நான்கு பக்கமும் கடலைத் தவிர எதுவும் தெரியாது, ஆனாலும் நிற்பது டோக்கியோவுக்குள்! நெருக்கத்தைக் கேட்டால், 43 சதுர கிலோமீட்டருக்குள் 2020 கணக்குப்படி 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்திருக்கும் மணிலா நகரம் பெரும்பாலான பட்டியல்களில் முதலில் நிற்கும். பெருமணிலாவை எடுத்தால் அந்த நெருக்கம் பாதியாகிவிடும்.

பழமையை உறுதியான விடையாக எழுதாதீர்கள். சிரியாவின் டமாஸ்கஸ் என்று எல்லாரும் சொல்வார்கள். பராதா ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்த ஊர், கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டு எகிப்தியப் பதிவுகளிலேயே பேர் வருகிறது, யுனெஸ்கோவும் கி.மு. மூன்றாம் ஆயிரத்தில் தோன்றியது என்கிறது. இதுவரை உறுதி. "பத்தாயிரம் ஆண்டுகளாகத் தொடர்ந்து மக்கள் வாழும் நகரம்" என்ற வரி மட்டும் சந்தேகத்துக்குரியது. அவ்வளவு பழைய தடயங்கள் தெல் ராமாத் போன்ற சுற்றுப்புறத் தளங்களில் கிடைத்தவை, பழைய நகரத்துக்குள் கிடைத்தவை அல்ல. மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் வீடுகளுக்கு அடியில் தோண்டிப் பார்க்க முடியாது. பழந்தடயம் மட்டும் போதுமென்றால் ஜோர்டானின் தலைநகரம் அம்மானுக்குள்ளேயே ஐன் கசால் என்ற புதிய கற்காலக் குடியிருப்பு இருக்கிறது; அங்கே கிடைத்த சுண்ணாம்புச் சிலைகளுக்கு வயது எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். தொல்லியல் என் துறை அல்ல, ஆகவே இதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். "தொடர்ந்து மக்கள் வாழும் மிகப் பழைய தலைநகரமாகக் கருதப்படுவது" என்று கேள்வியில் இருந்தால் டமாஸ்கஸ் எழுதுங்கள்.

உயரமான கட்டடம் என்றதும் கை புர்ஜ் கலீஃபாவுக்குப் போகும். துபாய் தலைநகரம் இல்லை. அமீரகத்தின் தலைநகரம் அபுதாபி. ஆசியத் தலைநகரங்களில் மிக உயரமான கட்டடம் கோலாலம்பூரின் மெர்டேகா 118, சுமார் 679 மீட்டர். உச்சியில் இருக்கும் நீண்ட ஊசிக்கூரையும் சேர்த்த கணக்கு இது. டோக்கியோவின் 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுர வகை, கட்டடப் பட்டியலில் வராது.

அப்படியானால் மலேசியாவின் தலைநகரம் புத்ராஜெயா இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அரசு அலுவலகங்கள் 1999 முதல் அங்கே போயின; நாடாளுமன்றமும் மாமன்னரின் அரண்மனையும் கோலாலம்பூரில், சட்டப்படி தலைநகரமும் அதுவே. இலங்கையில் நிலைமை நேர்மாறு: 1982ல் தியவன்னா ஏரி நடுவே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த நாடாளுமன்றம் திறந்தபின் அதிகாரபூர்வத் தலைநகரம் ஸ்ரீ ஜெயவர்த்தனபுரம் கோட்டே, கொழும்பு என்று எழுதுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. இவ்விரண்டும் மாறாமல் நிற்பவை. மாறக்கூடியது இந்தோனேசியா. போர்னியோவில் நுசந்தாரா என்ற புதிய தலைநகரத்துக்கு 2022ல் சட்டம் நிறைவேறியது. நான் இதை எழுதும்வரை மாற்றம் முழுமையாக நடக்கவில்லை, ஜகார்த்தாதான் தலைநகரம். அது முறைப்படி மாறும் நாளில் மேலே சொன்னவற்றில் சில விடைகள் ஒரே நேரத்தில் மாறும்: மக்கள் மிகுந்த தலைநகரம் டாக்காவாகிவிடும்; பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்கும் குறைவான தெற்கில் இருக்கும் நுசந்தாரா, சிங்கப்பூரிடமிருந்து அருகாமைப் பட்டத்தை வாங்கிக்கொள்ளும். அடுத்த போட்டிக்குக் கிளம்பும் முன் இந்த ஒரு செய்தியை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.